பெட்டியை விட்டு வெளியே வந்த மென்பொருள்: ரவுட்டர் ஒரு கோப்பாக மாறிய வரலாறு

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம் தாண்டினால் வருவது மணவூர். அதற்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. 1905-ஆம் ஆண்டு இந்தத் திருவாலங்காட்டில்தான் முதலாம் ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். ஒரே வளையத்தில் கோர்த்து, அரச முத்திரை இட்டு வைக்கப்பட்டிருந்தன. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியை அவை வடமொழியிலும் தமிழிலும் சொல்கின்றன.

சோழர் வரலாறு படிப்பவர்கள் எல்லோரும் அந்தச் செம்பைத் தூக்கிக்கொண்டா போகிறார்கள்? இல்லை. ஏடுகளுக்கு மைப்படி எடுத்தார்கள். அதைப் படித்து அச்சிட்டார்கள். செம்பு ஓரிடத்தில் இருக்க, எழுத்து மட்டும் ஊரெல்லாம் போனது. ஆனால் ஒன்று, மைப்படி கையில் இருந்தால் மட்டும் போதாது. அதில் உள்ள கிரந்த எழுத்தையும் பழைய தமிழ் எழுத்தையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கணினி உலகிலும் இதே மாதிரி ஒரு கதை நடந்திருக்கிறது. ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகளுக்குள் பூட்டிக் கிடந்த மென்பொருளைப் பிரித்தெடுத்து, சாதாரணக் கணினியில் ஓடும் மெய்நிகர் வட்டாக மாற்றிய கதை அது. இதைத் தொடங்கியவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல, பெட்டி வாங்கக் காசில்லாத மாணவர்களும் ஆர்வலர்களும்தான் என்பது இதன் சுவையான பகுதி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ரவுட்டர் என்பதும் ஒரு கணினிதான். அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு. திரையும் விசைப்பலகையும் கிடையாது, அவ்வளவுதான். வட்டுக்குப் பதிலாக ஃபிளாஷ் நினைவகம் இருக்கும். அதில் எழுதி வைக்கப்பட்டுள்ள மென்பொருளுக்குப் பெயர் ஃபர்ம்வேர். நாம் கொடுக்கும் ஐ.பி. முகவரி, கடவுச்சொல் போன்ற அமைப்புகள் மின்சாரம் போனாலும் அழியாத வேறொரு சிறு நினைவகத்தில் இருக்கும். இதை என்.வி.ராம் என்பார்கள்.

வணிகவியல் பார்வையில் பார்த்தால் இது ஒரு விசித்திரமான சரக்கு. வாங்குபவர் பெட்டிக்குப் பணம் கொடுப்பதாக நினைக்கிறார். ஆனால் அந்த விலையில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு. இரண்டையும் தனித்தனியாக விற்க மாட்டார்கள். பெட்டி இல்லாமல் மென்பொருள் ஓடாது என்ற நிலை இருந்தவரை இந்த வியாபாரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது.

வட்டு ஒரு கோப்பாகிறது

ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போலக் காட்டும் நுட்பம் புதிதல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்/370 என்ற அமைப்பைத் தன் பெருங்கணினிகளுக்காக வெளியிட்டது. ஆனால் மேசைக் கணினிக்கு அது வரக் கால் நூற்றாண்டு ஆனது. 1998-ல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், 1999-ல் தன் வொர்க்ஸ்டேஷன் மென்பொருளை வெளியிட்டது. 2003-ல் ஃபிரான்ஸ் நாட்டு நிரலர் ஃபப்ரிஸ் பெல்லார்ட் க்யூ.இ.எம்.யூ. என்ற இலவச மென்பொருளைத் தந்தார்.

இவை எல்லாவற்றிலும் உள்ள அடிப்படை ஒன்றே. மெய்நிகர் கணினியின் வன்வட்டு, உண்மைக் கணினியில் ஒரு சாதாரணக் கோப்பு. வி.எம்.வேர் அதை வி.எம்.டி.கே. என்ற வடிவில் வைக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் வி.டி.ஐ. என்று வைக்கும். க்யூ.இ.எம்.யூ.வின் வடிவம் க்யூகவ்2. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.

க்யூகவ்2 வடிவில் ஒரு சிக்கன வசதி உண்டு. ஒரு மூலப்படியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் மேல் பத்து ரவுட்டர்களை ஓட்டலாம். ஒவ்வொன்றும் தான் மாற்றிய பகுதியை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளும். பத்து ரவுட்டருக்குப் பத்து மடங்கு இடம் தேவையில்லை.

ஜூனிப்பரும் ஆலிவும்

ஃபர்ம்வேரை வட்டாக்குவதில் இரண்டு நிலைமைகள் உண்டு. ஒன்று சுலபம், மற்றொன்று கடினம். முதலில் சுலபமானதைப் பார்ப்போம்.

ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பிரதீப் சிந்து, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய பின் 1996-ல் ஜூனிப்பர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தை நிறுவினார். 1998-ல் அதன் முதல் ரவுட்டர் எம்40 வந்தது. அதில் வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு பகுதி. வரும் தகவல் பொட்டலங்களை அந்த வழியில் தள்ளிவிடுவது இன்னொரு பகுதி. தள்ளும் வேலையைத் தனிச் சில்லுகள் செய்தன. முடிவெடுக்கும் பகுதியோ கிட்டத்தட்ட ஒரு சாதாரண இன்டெல் கணினி. அதில் ஓடிய ஜூனோஸ் என்ற மென்பொருள், ஃப்ரீ.பி.எஸ்.டி. என்ற திறந்த மூல இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது.

இன்டெல் செயலி, தெரிந்த இயங்குதளம். அப்படியானால் மேசைக் கணினியில் ஏன் ஓடாது? ஓடியது! அப்படி ஓடும் ஜூனோஸுக்கு ‘ஆலிவ்’ என்று பெயர். முதலில் ஒரு வெற்று வட்டுக் கோப்பை உருவாக்க வேண்டும். அதில் ஃப்ரீ.பி.எஸ்.டி.யை நிறுவ வேண்டும். அதன் மேல் ஜூனோஸ் பொதியை ஏற்ற வேண்டும். மறுமுறை தொடங்கும்போது அந்த வட்டு ஒரு ஜூனிப்பர் ரவுட்டராக எழுந்து நிற்கும். தள்ளிவிடும் சில்லுகள் இல்லாததால் வேகமும் சில வசதிகளும் இருக்காது. ஆனால் கட்டளைகள் அதே கட்டளைகள், முடிவுகள் அதே முடிவுகள். நிறுவனம் இதை ஒருபோதும் ஒரு பொருளாக விற்கவில்லை. ஆனாலும் ஜூனிப்பர் கற்றவர்களிடையே ஆலிவ் பல ஆண்டுகள் பரவலாக இருந்தது.

லாட்வியா நாட்டின் மைக்ரோடிக் நிறுவனம் இதற்கு நேர் எதிர். அது சாதாரணக் கணினியையே ரவுட்டராக மாற்றும் மென்பொருளைச் செய்துதான் தொழிலுக்கு வந்தது. பெட்டிகளை அதற்குப் பிறகுதான் விற்றது. ஆகவே அதன் மென்பொருள் மெய்நிகர் வட்டுக்கு மாறியதில் வியப்பில்லை.

டைனமிப்ஸ்: வேறு மொழி பேசும் பெட்டி

இனி கடினமான நிலைமை. உலகில் அதிகம் பேர் கற்க விரும்பியது சிஸ்கோ ரவுட்டரை. அதன் 7200 வரிசை ரவுட்டர்களில் இருந்தது மிப்ஸ் வகைச் செயலி. மிப்ஸ் கட்டளைகள் இன்டெல் செயலிக்குப் புரியாது. மைப்படி கையில் இருக்கிறது, கிரந்தம் வாசிக்க ஆள் இல்லை என்ற நிலை.

அந்த ஆளாக வந்தவர் ஃபிரான்ஸின் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் ஃபியோ. 2005 ஆகஸ்டில் அவர் டைனமிப்ஸ் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். அது 7200 ரவுட்டரின் செயலி, நினைவகம், இணைப்பு அட்டைகள் என ஒவ்வொன்றையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டியது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். மென்பொருளுக்குத் தான் உண்மைப் பெட்டியில் ஓடவில்லை என்பதே தெரியாது! பிறகு 3600, 3700, 2600 வரிசைகளும் சேர்ந்தன.

இதில் வந்த ஒரு சிக்கல் குறிப்பிடத்தக்கது. ரவுட்டருக்கு வேலை இல்லாதபோதும் அதன் செயலி சும்மா இருப்பதில்லை. ‘ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா’ என்று ஒரே சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். டைனமிப்ஸ் அந்த வெட்டிச் சுற்றையும் விசுவாசமாக மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தது. விளைவு, ஒரே ஒரு ரவுட்டரை ஓட்டினாலும் கணினியின் செயலி நூறு சதவீதம் கொதித்தது. இதற்குக் கண்ட தீர்வுதான் ‘ஐடில் பிசி’. நிரலில் அந்தச் சுற்று எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், அந்த இடம் வரும்போதெல்லாம் டைனமிப்ஸ் சற்று உறங்கும். அந்த ஒரு எண் சரியாக அமைந்தால், சாதாரண மடிக்கணினியில் நான்கைந்து ரவுட்டர்கள் ஓடும்.

டைனமிப்ஸுக்கு முகம் கொடுத்தது ஜி.என்.எஸ்.3. ஜெரெமி கிராஸ்மன் தன் முதுகலைப் படிப்பின் பகுதியாகத் தொடங்கிய இந்த மென்பொருளில், ரவுட்டர் படங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முழு வலையமைப்பு உயிர்பெறும். 2007-க்குப் பிறகு ஃபியோ டைனமிப்ஸை நிறுத்திவிட்டபோது, ஜி.என்.எஸ்.3 குழுவினர் அதை எடுத்து வளர்த்தார்கள்.

இந்தியாவில் இதன் பயன் மிகப் பெரிது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். மூலம் பொதுமக்களுக்கு இணையம் வந்த பிறகு, வலையமைப்பு அறிந்தவர்களுக்கு வேலைகள் பெருகின. சி.சி.என்.ஏ., சி.சி.என்.பி. சான்றிதழ்களுக்குப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. ஆனால் பயிற்சிக்கு உண்மை ரவுட்டர் வேண்டும். அது சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில், கட்டணம் கட்டி, மணிக்கணக்கில் காத்திருந்து தொடக்கூடிய பொருள். மணவூர், திருத்தணி மாதிரியான ஊரிலிருந்து ரயிலேறிப் போகும் மாணவருக்கு அது வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. வட்டில் ஒரு கோப்பாக ரவுட்டர் வந்த பிறகு, அதே மாணவர் இரவு முழுவதும் தவறு செய்து, அழித்து, மறுபடி செய்து கற்க முடிந்தது. விலை உயர்ந்த பெட்டியில் தவறு செய்ய எல்லோரும் பயப்படுவார்கள். கோப்பில் தவறு செய்தால், பழைய படியை மீண்டும் திறந்தால் போதும்.

சென்னையில் நடந்தது

இதே தேவைக்கு வேறு வழியில் விடை கண்டவர்கள் சென்னையிலும் இருந்தார்கள். 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் (2009 முதல் சோஹோ) முதலில் செய்தது அலுவலக மென்பொருள் அல்ல. ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகளைத் தூரத்திலிருந்து மேலாண்மை செய்யும் மென்பொருள்தான் அதன் முதல் தொழில். ஆயிரம் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைச் சோதிக்க ஆயிரம் கருவிகளை வாங்க முடியுமா? ஆகவே கருவிகளைப் போலப் பதில் சொல்லும் ஒரு பாவனை மென்பொருளையும் அது உருவாக்கி விற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாவனை மென்பொருள் என்பது ரவுட்டர் வேடம் போட்ட நடிகர். கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசரும் அந்த வகைதான். டைனமிப்ஸ் வழியில் ஓடுவதோ ரவுட்டரின் அசல் மென்பொருள். அசலில் இருக்கும் பிழைகள்கூட அப்படியே இருக்கும். அதுதான் அதன் மதிப்பு.

வீட்டு ரவுட்டரின் கதை

2002 டிசம்பரில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டு வயர்லெஸ் ரவுட்டரை வெளியிட்டது. 2003-ல் லிங்சிஸை சிஸ்கோ வாங்கியது. அதே ஆண்டில், அந்த ரவுட்டருக்குள் இருப்பது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜி.பி.எல். உரிமப்படி, அதைப் பயன்படுத்தி விற்பவர் மூல நிரலைத் தர வேண்டும். கேள்வி எழுந்தது, மூல நிரல் வெளியானது. அதிலிருந்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன்.டபிள்யூ.ஆர்.டி. இன்று அது வீட்டு ரவுட்டர்களுக்கு மட்டுமல்ல, மெய்நிகர் கணினியில் நேரடியாக ஏற்றக்கூடிய வட்டுப் படிமமாகவும் கிடைக்கிறது. ஆனால் உரிமச் சிக்கல் அத்துடன் முடியவில்லை. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குத் தொடர்ந்தது. 2009-ல் அது சமரசத்தில் முடிந்தது.

இன்னொரு வேடிக்கை: அந்த ரவுட்டருக்குச் சில்லு தந்த பிராட்காம் நிறுவனம்தான் 2023 நவம்பரில் வி.எம்.வேரையே வாங்கியது.

பூட்டைச் சோதிக்க ஒரு வழி

ஃபர்ம்வேரை மெய்நிகர் வட்டாக்குவது படிப்புக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் தேவைப்பட்டது. நிறுவனங்கள் தம் இணையதளத்தில் தரும் ஃபர்ம்வேர் கோப்பு பல பொருட்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை போன்றது. தலைப்பகுதி, லினக்ஸ் கருவகம், சுருக்கிய கோப்பு முறைமை எல்லாம் ஒட்டி இருக்கும். பின்வாக் போன்ற கருவி அந்த மூட்டையைப் பிரித்துத் தரும். பிரித்த கோப்புகளை ஒரு புதிய வட்டுப் படிமத்தில் அடுக்கி, க்யூ.இ.எம்.யூ.வில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் இடறும். மென்பொருள் தன் என்.வி.ராமைத் தேடும். அது இல்லையென்றால் நின்றுவிடும்.

அமெரிக்காவின் கார்னகி மெல்லன், பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஃபர்ம்அடைன் இந்தச் சிக்கலைத் தானியங்கியாகத் தீர்த்தது. என்.வி.ராம் கேட்டால் ஒரு போலிப் பதிலைத் தரும் நூலகத்தை உள்ளே வைத்தது. 42 நிறுவனங்களின் 23,035 ஃபர்ம்வேர்களைத் திரட்டி, அவற்றில் 9,486-ஐப் பிரித்தெடுத்தார்கள். 74 தாக்குதல் முறைகளால் சோதித்ததில் 887 ஃபர்ம்வேர்கள் ஏதாவது ஒன்றுக்குப் பலியாகக் கூடியவை என்று தெரிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாத 14 ஓட்டைகளும் அகப்பட்டன. இத்தனை பெட்டிகளைக் கடையில் வாங்கிச் சோதிப்பது எந்தப் பல்கலைக்கழகத்தாலும் ஆகாத காரியம்.

இது எங்கோ நடக்கும் ஆபத்து அல்ல. அதே 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. 2017 ஜூலையில் இந்தியாவில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் நச்சுநிரல் தாக்குதலுக்கு உள்ளாயின. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. வீட்டு மூலையில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நிறுவனங்கள் மனம் மாறின

2012 அக்டோபரில் உலகின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெட்டி வாங்கி மாளவில்லை, அந்த வேலைகளைச் சாதாரண சர்வர்களில் மென்பொருளாகத் தாருங்கள் என்பதுதான் அதன் சாரம். வாடிக்கையாளர் கேட்டால் வியாபாரி தந்துதானே ஆக வேண்டும்? சிஸ்கோ சி.எஸ்.ஆர். 1000வி என்ற ரவுட்டரை வெறும் வட்டுக் கோப்பாகவே விற்றது. 2014-ல் ஜூனிப்பர் வி.எம்.எக்ஸ்.-ஐ அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் சிஸ்கோ, கற்பவர்களுக்காக வி.ஐ.ஆர்.எல். என்ற மெய்நிகர் ஆய்வகத்தைக் கட்டணத்துக்கு வெளியிட்டது. ஜெயஸ்ரீ உல்லால் தலைமையில் உள்ள அரிஸ்டா நிறுவனமும் தன் ஸ்விட்ச் மென்பொருளை வி.இ.ஓ.எஸ். என்ற பெயரில் வட்டுக் கோப்பாகத் தருகிறது.

பெட்டி போன பிறகு விலையை எதன் மேல் வைப்பது? வேகத்தின் மேல் வைத்தார்கள். மைக்ரோடிக்கின் சி.எச்.ஆர். வட்டுப் படிமத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இலவச உரிமத்தில் ஒரு இணைப்புக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேகம்தான். கற்க அது போதும், தொழில் நடத்தப் போதாது. மாணவருக்கும் நட்டமில்லை, நிறுவனத்துக்கும் நட்டமில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்திருந்தால், கற்க விரும்பியவர்கள் திருட்டுப் படிகளைத் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

டைனமிப்ஸ் சட்டபூர்வமான மென்பொருள். அதில் சிஸ்கோவின் ஒரு வரி நிரலும் இல்லை. ஆனால் அதில் ஏற்றும் ஐ.ஓ.எஸ். சிஸ்கோவின் சொத்து. அதன் உரிமம் பெட்டியோடு பிணைந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாகப் பெற்றவருக்குச் சில சலுகைகளைத் தருகிறது. காப்புப்படி எடுக்கலாம். நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராயலாம். முறையாகப் பெற்ற படியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்குப் படி எடுக்கலாம். ‘முறையாகப் பெற்ற’ என்பதுதான் இதில் உயிர்நாடி. யாரோ எங்கோ ஏற்றி வைத்ததை இறக்கிக்கொண்டவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. உண்மையைச் சொன்னால், ஒரு தலைமுறை வலையமைப்புப் பொறியாளர்களில் பலர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கற்றார்கள். அவர்கள் கற்ற திறமைதான் பிறகு அதே நிறுவனங்களின் பெட்டிகளை விற்கவும் பராமரிக்கவும் உதவியது என்பதும் உண்மை.

முடிவுரை

எல்லாவற்றையும் கோப்பாக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய ஸ்விட்ச்களில் வேலையைச் செய்வது தனிச் சில்லுகள். ஃபர்ம்வேரைப் பிரித்தெடுத்தாலும் சில்லு கூடவே வராது. டைனமிப்ஸால் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களைக் கடைசிவரை ஓட்ட முடியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஆனாலும் கிடைத்தது குறைவல்ல. பெட்டிகள் பழுதாகும், விற்பனை நிற்கும், ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். 1996-ல் வந்த ஜூனிப்பர் நிறுவனமே 2025-ல் ஹ்யூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் கைக்குப் போய்விட்டது. ஒரு காலத்து ரவுட்டர்கள் எப்படிச் சிந்தித்தன என்று பிற்காலத்தில் ஒருவர் அறிய விரும்பினால், அவருக்குக் கிடைக்கப்போவது இந்த வட்டுக் கோப்புகள்தான்.

திருவாலங்காட்டுச் செப்பேடு 1905-ல் கிடைத்தபோது, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் பழையனூரின் கதை நமக்குத் தெரிந்தது. ஃபர்ம்வேருக்கும் அதே நிலைதான். படி எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதை வாசிக்கத் தெரிந்த டைனமிப்ஸ்களையும் க்யூ.இ.எம்.யூ.க்களையும் யாராவது தொடர்ந்து பேணி வர வேண்டும். இன்று அதைச் செய்துகொண்டிருப்பவர்களில் பலர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள்.